மல்லாட்டைக் கொடி போட்ட கட்டில்

மற்றவர்கள் சுவரில் சினிமா போஸ்டர் பார்ப்பார்கள். கலைப்பிரியா கண்ணீர் அஞ்சலி பார்ப்பாள். அது அவள் பிழைப்பு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்த டீக்கடைச் சுவரில் புதுசாக ஒன்று ஒட்டியிருந்தாலும் பஸ் ஜன்னல் வழியாகவே அவள் கண் அங்கே ஓடிவிடும். செத்தவர் வயசு என்ன, எந்த ஊர், கருமாதி என்றைக்கு, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். வயசானவர், நிலபுலம் உள்ள குடும்பம் என்றால் வீட்டில் பழைய கட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். இருந்தால் அது வெளியே வந்துதான் தீர வேண்டும். ஆள் உயிரை விட்ட கட்டிலை இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. கருமாதி முடிந்த கையோடு அது மாட்டுக் கொட்டகைக்குப் போகும், இல்லை விறகுக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் கலைப்பிரியாவிடம் வரும்.

திண்டிவனத்தில் பாண்டி ரோட்டு மேலேயே அவர்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. 'கலை பழைய மரச்சாமான்' என்று போர்டு. வாங்கி வருவது அவள். வந்ததைப் பிரித்து, செல் அரித்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டு, மேலே பூசியிருக்கும் பச்சைப் பெயிண்டையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றுவது அவள் புருஷன் சகாயராஜ். அவன் கை பட்டால் கட்டில் பெஞ்சாகும், வாசக்கதவு சாப்பாட்டு மேசையாகும். பாண்டிச்சேரி ஓட்டல்காரர்களும், புதுசாக வீடு கட்டி அதைப் பழசாகக் காட்ட ஆசைப்படுகிறவர்களும் காரில் வந்து இறங்குவார்கள். இதுல யாராவது, என்று இழுப்பார்கள். நூறு வருஷத்துக் கட்டில்ல ஒருத்தரும் சாவாம இருந்தாத்தான் சார் அதிசயம் என்று சகாயராஜ் சிரிப்பான். அவர்களும் சிரித்துவிட்டு எடுத்துப் போவார்கள்.

கருமாதி முடியாமல் எந்த வீட்டு வாசலையும் அவள் மிதித்ததில்லை. ஆனாலும் ஊர்களில் அவளுக்கு எழவுக்காரி என்றுதான் பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்லுகிற அதே வாய்தான் மறுநாள் போன் போட்டு, பீரோ ஒன்றும் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்கும்.

அன்றைக்கு விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு ஜூஸ் கடைச் சுவரில் புது போஸ்டர் ஒன்று இருந்தது. நடந்துகொண்டே படித்தாள். வயசு எழுபத்து மூன்று. ஊர் பேருக்குக் கீழே முகையூர் வழி என்பது மட்டும் கண்ணில் பட்டது. விவசாயக் குடும்பம். ஓட்டு வீடாகத்தான் இருக்கும், தேக்கு கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் போட்டோவைப் பார்த்தாள். அவளைப் பெற்ற அப்பா சீனுவாசன், தோளில் துண்டு போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியும் ஒரு பாவம் ஒரு பெண்ணுக்கு வருமா? அப்பன் செத்த சேதியை ஜூஸ் கடைச் சுவரில் படித்ததோடு விட்டதா, முதலில் தேக்கு கிடைக்குமா என்றல்லவா பார்த்திருக்கிறாள். அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, தெரிஞ்சவங்களா என்று கேட்டது. ஆமாம் என்று தலையாட்டினாள். போஸ்டரின் கீழே துக்கத்தில் வாடும் பெயர்கள் வரிசையாக இருந்தன. மனைவி பாஞ்சாலி, மகன் திருமுருகன், மருமகள் பொன்னி, அப்புறம் பேரப்பிள்ளைகள். மகள் என்று ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? அவளுக்குத்தான் இதற்கு முன்னாலேயே போஸ்டர் ஒட்டியாகிவிட்டதே.

அந்தக் கூத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் வீடு ஊரில் இருந்தது, சகாயராஜ் வீடு காலனியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரை. அவ்வளவு தூரம்தான். அவளுடைய பத்தொன்பதாவது வயசில் அந்தக் கரையைத் தாண்டி அவனோடு போய், திண்டிவனத்தில் ஒரு சின்ன மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டாள். ஊரின் பேரைச் சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்த ஊரில் நடந்தது இந்த ஜில்லாவில் வேறு ஊர்களிலும் நடப்பதுதான். அவளுடைய பிளஸ் டூ போட்டோவைப் போட்டு, அகால மரணம் என்று எழுதி, சீனுவாசன் கண்ணீர் அஞ்சலி அடித்து ஒட்டினார். கருமாதி வைத்தார். பதினாலு வயசுத் தம்பி திருமுருகனை ஏரிக்கரையில் உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. உயிரோடு இருக்கிறவளுக்கு வடை பாயசத்தோடு படையல். கலைப்பிரியாவே அதில் ஒரு போஸ்டரைத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பார்த்தாள். சகாயராஜ் நகத்தாலேயே அதைச் சுரண்டிக் கிழித்தான். அவள் அப்போது சிரித்தாள். சின்ன வயசு, சிரிக்க முடிந்தது.

அதோடு பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஜெசிந்தா பிறந்தாள், காலேஜுக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தொழில் தொடங்கியபோது சகாயராஜ் ஊர் ஊராகப் போய் பஸ் நிழற்குடைகளில் பெயிண்டால் போன் நம்பர் எழுதினான். அந்த ஊரை மட்டும் விட்டுவிட்டு வந்தான். அவள்தான் திருப்பி அனுப்பினாள். போய் எழுதுங்க, பெருசா எழுதுங்க என்றாள். வெயிலில் எழுத்து மங்கும்போதெல்லாம் மறுபடி எழுத வைத்தாள். எதற்கென்று அவன் கேட்டதில்லை. என்றைக்காவது அந்த நம்பருக்கு அந்த ஊரிலிருந்து ஒரு போன் வரும் என்ற நப்பாசை அவனுக்குத் தெரியாதா என்ன?

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அப்பா கடைசியில் தன்னைக் கேட்டாரா? படுக்கையில் கிடக்கும்போது ஒரு தரமாவது, கலை எங்க என்று கேட்டாரா? சொத்து வேண்டாம், சீர் வேண்டாம், செத்த முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அதுவும் போகட்டும். கேட்டாரா இல்லையா என்பதை மட்டும் யாராவது சொன்னால் போதும். இதைச் சகாயராஜிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே, எல்லாம் என்னாலதான் கலை, என்றான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் மனசுக்குள் அந்த ஒரு குற்றம் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ தரம் அவள் திட்டியும் அது எழுந்து போகவில்லை.

கருமாதிக்கு அவள் போகவில்லை. செத்தவள் எப்படிக் கருமாதிக்குப் போவாள்? அது முடிந்து சில நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. ஹலோ என்ற சொல்லிலேயே தம்பியின் குரலைக் கண்டுகொண்டாள். குரல் தடித்திருந்தது, ஆனால் அவன்தான்.

"பழைய கட்டில் ஒண்ணு இருக்குதுங்க. எங்க அம்மாதான் இந்த நம்பருக்குப் போட்டுச் சொல்லுன்னாங்க. வந்து எடுத்துக்கினு போறீங்களா?"

ங்க போட்டுப் பேசினான். இடுப்பில் தூக்கி வளர்த்த பையன். அவளும் ங்க போட்டே, வர்றேங்க, என்றாள். போனை வைத்தாள். அம்மா சொன்னாளாமே, இந்த நம்பருக்கு என்று அம்மாவே சொன்னாளாமே என்று கொட்டகைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். சகாயராஜ் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப ஆசப்படாத கலை, கட்டிலுக்குத்தான் கூப்புடுறாங்க, என்றான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு அடங்கிவிடுமா?

எப்போதும் சாமான் ஏற்றுகிற வல்லரசுவின் மினி வேனில் போனார்கள். சகாயராஜ் மெயின் ரோட்டு டீக்கடையிலேயே இறங்கிக்கொண்டான். அந்தத் தெருவுக்குள் அவன் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரியும். வேன் வீட்டு முன் நின்றபோது வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பங்காளிகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் அவளைத் தெரிந்தது. ஒருத்தர்கூட அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மொட்டைத் தலையோடு திருமுருகன் வந்தான். கண் அவள் முகத்தில் நிற்காமல் வேன் சக்கரத்துக்குப் போய்விட்டது. உள்ளே பார்த்து, அம்மா, கட்டில் எடுக்கிறவங்க வந்துட்டாங்க, என்று குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

அம்மா கூடத்தில் நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை பெரிய பொட்டு வைக்கிறவள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள்.

"வாம்மா. கட்டில் பாக்க வந்தியா? இந்தாண்ட இருக்குது, வா," என்று பாஞ்சாலி முன்னால் நடந்தாள்.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. இங்கேயாவது அம்மா திரும்பித் தன் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தாள். பாஞ்சாலி ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளிச்சம் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் விழுந்தது. பலகை முழுக்க மல்லாட்டைக் கொடி, வேர்க்கடலைக் கொடி. இலை இலையாக, ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் காயோடு. உலகத்தில் எந்தக் கட்டிலிலும் மல்லாட்டைக் கொடி செதுக்கமாட்டார்கள். தாமரை இருக்கும், மயில் இருக்கும். இது அவள் கேட்டுச் செதுக்கியது. அவள் வயசுக்கு வந்த வருஷம் கொல்லையில் நின்ற தேக்கை வெட்டி, அறுத்து, காயவைத்து, ஆசாரியை வீட்டிலேயே தங்கவைத்து அவள் சீருக்கென்று அப்பா கட்டில் செய்தார். தாமரை போடலாமா என்று ஆசாரி கேட்டதற்கு, மல்லாட்டைக் கொடி போடுங்க என்று அவள் சொன்னாள். ஆசாரி வாய்விட்டுச் சிரித்தார். புள்ள கேக்குது, செதுக்கு, என்றார் அப்பா.

"இதுலதான் அவரு உயிர் போச்சு," என்றாள் பாஞ்சாலி.

பிறகு அவள் சொன்னதெல்லாம் ஒரு வியாபாரிக்கு வீட்டுக்காரி சொல்கிற மாதிரியே இருந்தது. எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சும்மா, அதுக்குச் சீருக்குப் பண்ண கட்டில் இது, என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் போய்விட்டாளாம். போனவள் சாமான் வீட்டில் இருக்கக்கூடாது என்று ஊரில் சொன்னார்களாம். அவள் துணி, புத்தகம், தைக்கிற மிஷின் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டாராம், இதை மட்டும் கொடுக்கவில்லையாம். பிரித்துப் பரணில் போட்டு மேலே சாக்கைப் போர்த்தி வைத்தாராம். எத்தனையோ பேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம். படுத்த படுக்கையானதும் பையனைக் கூப்பிட்டு, அதை இறக்கி மாட்டுடா, என்றாராம். வேறு கட்டிலில் படுக்கமாட்டேன் என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தாராம். பாஞ்சாலி இதையெல்லாம் சொல்லும்போது கலைப்பிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அறையில் யாரும் இல்லாதபோதுகூட ஏன் இந்த நாடகம் என்று கலைப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. ஒரு தரம் நாடகத்தை விட்டால் அம்மாவால் வேப்பமரத்தடிக்குக் கேட்காமல் அழ முடியாது.

கலைப்பிரியா பழக்கதோஷத்தில் மரத்தைத் தடவினாள். இருபது வருஷத்துக்கு மேலான கட்டில் என்றாலும் படுக்காமல் கிடந்ததால் புதுசு மாதிரி இருந்தது. பாலிஷ் உடையவில்லை, கால்களில் ஒரு கீறல் இல்லை. தலைமாட்டில் மட்டும், கொடியின் கீழ் ஓரத்தில், ஒரு இலையும் இரண்டு காயும் கறுத்து எண்ணெய் ஏறி மழுமழுவென்று இருந்தன. படுத்திருக்கிற ஆள் கையைப் பின்னால் போட்டால் எட்டுகிற இடம். எத்தனை கட்டில் பார்த்திருக்கிறாள், இது அவளுக்கு ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர் அந்த இலையைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

பெற்றவளிடம் ங்க போட்டுக் கேட்டாள்.

"கடைசியில யாரையாவது கேட்டாருங்களா?"

பாஞ்சாலியின் கை நின்றுவிட்டது.

"கேட்டாரும்மா. பொண்ணத்தான். கலை, கலைன்னு கூப்புட்டுக்கினே கெடந்தாரு. மூச்சு வாங்குது, அப்பவும் அதான். ஆளனுப்பட்டுமான்னு கேட்டேன். என்ன ஒரு பார்வை பாத்தாரு. செத்ததுக்கு எங்கடி ஆளனுப்புவ, போஸ்டர் ஒட்டுனவனே நாந்தான, அப்படின்னாரு. சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. கொஞ்ச நேரம் ஆச்சோ இல்லியோ, மறுபடியும் கலைன்னாரு."

அம்மா வாயிலிருந்து அவள் பேர் வந்துவிட்டது. அவளைக் கூப்பிட அல்ல. எத்தனை வருஷம் இதற்காக ஏங்கினாள்! அப்பா கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் வீம்புக்கார மனுஷன் என்று திட்டிவிட்டு, அழுதுவிட்டு, ஒரு வருஷத்தில் தேறியிருப்பாள். அந்தப் பதிலுக்குத்தான் அவள் மனசைக் கட்டி வைத்திருந்தாள். கேட்டிருக்கிறார். வாயாரக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பஸ் ஏறினால் வந்து சேருகிற தூரத்தில் அவள் எவன் வீட்டுக் கட்டிலுக்கோ உப்புத்தாள் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நெழல்குடையில நம்பர் இருந்துச்சே," என்றாள். ங்க வரவில்லை.

"இருந்துச்சு. டவுன் பஸ்சுக்கு நிக்கும்போதெல்லாம் பாப்பேன். எனக்கு மனப்பாடம்," என்றாள் பாஞ்சாலி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

மனப்பாடமாம். கட்டிலை எடுத்துப் போகக் கூப்பிடத் தெரிந்த நம்பர், அந்த மனுஷன் இலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறபோது நாக்கிலேயே இருந்திருக்கிறது. கத்திவிடலாம் போலிருந்தது கலைப்பிரியாவுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? தன் கையால் ஒட்டிய போஸ்டரைத் தானே தாண்டமுடியாமல் செத்த அப்பனையா? புருஷன் சொல்லைத் தாண்டாமலே கிழவியாகிவிட்ட இவளையா? இவளும்தான் என்ன செய்தாள்? அவர் உயிரோடிருந்த வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் போனதும் செத்தவர் கட்டில் என்ற பேரில் மகள் சீரை மகளிடமே அனுப்பிவைக்கிறாள். இதைவிட்டால் அது இந்த வாசலைத் தாண்டி அவளிடம் வர வேறு வழியே இல்லை.

"ஜல்தியா எடுத்துக்கினு போம்மா. அவங்கெல்லாம் பாத்துக்கினு இருக்காங்க," என்றாள் பாஞ்சாலி கடைசியாக.

வல்லரசு வந்து கட்டிலைப் பிரித்தான். சட்டங்களை அவனும் அவளும் தூக்கினார்கள். தலைமாட்டுப் பலகை கனமாக இருந்தது. ஒரு பக்கம் கலைப்பிரியா பிடித்தாள். மறுபக்கத்தைப் பிடிக்க வல்லரசு வருவதற்குள் பாஞ்சாலியே குனிந்து பிடித்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் பலகையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து வாசல்படி வரைக்கும் வந்தார்கள். படியில் பாஞ்சாலி நின்றுவிட்டாள். அங்கே திருமுருகன் வந்து வாங்கிக்கொண்டான். வேனில் ஏற்றும்போது அவன் கை அக்காள் கைமேல் பட்டது. அவன் கையை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். அப்புறம் பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். வேன் திரும்பும்போது பொன்னி வந்து வாசலில் சாணித் தண்ணீர் தெளித்தாள். எந்த வீட்டிலும் செய்கிறதுதான். பங்காளிகள் எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மெயின் ரோட்டில் சகாயராஜ் டீ டம்ளரோடு நின்றிருந்தான். வேனைப் பார்த்ததும் டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடிவந்தான். முதலில் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்தான். கொடியைக் கண்டதும் அவனுக்கும் புரிந்துவிட்டது. காதலித்த நாளில் இந்தக் கட்டில் கதையை அவள் அவனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். பலகையின் மேல் கையை வைத்தான். கறுத்திருந்த அந்த இலைமேல் அவன் விரல் வந்து நின்றது. அழுக்காகத்தான் தெரிந்தது அவனுக்கு. தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும், புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன் உனக்கு, என்றான். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றாள் அவள். சரி என்றான்.

கயிற்றை இழுத்துக் கட்டினான். முடிச்சைப் போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"கேட்டாராமா?"

கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வியர்த்து, பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்துபோய் நின்றிருந்தான். பதினெட்டு வருஷமாக என்னாலதான் என்னாலதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன். செத்துப்போகிற ஒருவர் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார் என்று இவனிடம் சொன்னால் இவன் இனி தூங்குவானா?

"இல்லியாம்," என்றாள். "கேக்கவே இல்லியாம்."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். துண்டை உதறி அவள் கையில் கொடுத்தான், முகத்தைத் துடைத்துக்கொள்ள. அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது, பாவம்.

"வுடு கலை. கேட்டிருந்தா ஒரு போனாவது போட்டிருப்பாங்கல்ல."

"ஆமா," என்றாள் கலைப்பிரியா. "போட்டிருப்பாங்க."